கோபம் என்று அழுத்தினார்

மகள் வேலை பார்க்கும் கல்லூரியிலிருந்து ஒரு சோதனை வந்தது. பேச்சில் உள்ள உணர்ச்சி வயதானவர்களுக்கு எப்படிப் புரிகிறது என்று இணையத்திலேயே பார்க்கிறார்களாம். தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற அவருக்குத் தன் காதின் மேல் அலாதி கர்வம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பின் முன் கம்பீரமாக உட்கார்ந்தார்.

"கதவுக்குப் பக்கத்தில் பை இருக்கிறது." இந்த ஒரே வாக்கியத்தைப் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம் என்று திரையில் பொத்தான்கள். முதலில் பயிற்சிச் சுற்று. தவறினால் சரியான விடையைக் காட்டும். ஒரு பெண்குரல் படபடத்தது. கோபம் என்று அழுத்தினார். பயம் என்றது திரை. அடுத்து ஓர் ஆண்குரல். கோபமேதான். அதுவும் பயமாம். மெஷினில்தான் கோளாறு என்று முணுமுணுத்து, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தார்.

"பாவம், நடுங்கிப் போய்ப் பேசுறான். இதுகூடவா தெரியல?" என்றவள், சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "உங்க தம்பி அனுப்பின வாய்ஸ் மெசேஜும் இப்படித்தான் இருந்துச்சு. அப்பவே சொன்னேன்."

சொல்லத்தான் செய்தாள். அவர்தான் அவள் வாயை அடைத்துவிட்டார்.

தம்பி மனைவிக்கு ஆபரேஷன் என்று முடிவான அன்று வந்த செய்தி அது. "நீ வருவியா மாட்டியா? இப்பவே சொல்லு." அண்ணனையே அதட்டுகிறானா என்று அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பதில் போடவில்லை. அதோடு விட்டாரா? தங்கை வீட்டுக்குப் போய் அதைப் போட்டுக் காட்டி, இவன் திமிரைப் பார்த்தாயா என்றார். தங்கையும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தம்பி அங்கே தன்னந்தனியாக உட்கார்ந்திருந்ததைப் பிறகு யாரோ சொன்னார்கள்.

லேப்டாப்பை மூடினார். மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசியது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தம்பிதான் கதவைத் திறந்தான். உள்ளே அவன் மனைவி பாதியாய் இளைத்துப் படுத்திருந்தாள். அந்த நிலையிலும், "வாங்க மாமா" என்று எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீ கோபமாப் பேசுறேன்னு நினைச்சுட்டேன்டா," என்றார் தம்பியிடம். "தங்கச்சிகிட்டயும் போட்டுக் காட்டினேன். அவ வராததுக்கும் நான்தான் காரணம்."

தம்பிக்கு அது தெரியாது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு, "உக்காருண்ணா," என்றான்.

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. தலையைக் குனிந்தபடி கேட்டார்: "கோபமாடா?"

"ஆமா. இது கோபம்தான்."

தம்பி உள்ளே போய்விட்டான். அவர் நின்றபடியே தங்கைக்கு ஃபோன் போட்டார். அவள் எடுத்ததும், "அன்னிக்கு உனக்குப் போட்டுக் காட்டினேனே, அது திமிர் இல்லம்மா, பயம்," என்றார்.