மோர்கன் குடாவின் வியாழக்கிழமை

"வியாழக்கிழமை கொண்டு வா. பின்வாசல் வழியா," என்றார் போதகர் பிரென்டிஸ்.

அல்மைரா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமைக்கு என்ன கேடு ஐயா?"

"தகப்பன் பேர் இல்லாத பிள்ளைக்கு ஞாயிறு ஞானஸ்நானம் கிடையாது."

"பேரெல்லாம் இருக்கு. ஆள்தான் சாண்டோ டொமிங்கோவுல கரும்பு வெட்டுறான்."

"கல்யாணம் பண்ணிட்டுப் போயிருக்கணும்."

"அதை அவன்கிட்ட நீங்களே கேளுங்க. நானும் கூட நின்னு கேக்குறேன்."

வாசலில் நின்ற நாங்கள் சிரித்துவிட்டோம். போதகர் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் பாதிப் பேர் பின்வாசல் பிள்ளைகள். நானும்தான். பள்ளிக்கூடத்தில் தன்னை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன் மூக்கை அல்மைரா ஒருமுறை உடைத்திருக்கிறாள். தன் மகளுக்கும் அந்தப் பேர் ஒட்டக்கூடாது என்பதுதான் அவள் கவலை.

"போன வருஷம் புயல்ல கோயில் சுவர் விழுந்தப்போ, வயித்துல இவளையும் தலையில சுண்ணாம்புக் கூடையையும் சுமந்துக்கிட்டு எந்த வாசல்ல நுழைஞ்சேன் ஐயா? முன்வாசல்ல. அப்ப யாரும் நிறுத்தலையே."

"வியாழன், நாலு மணி," என்று போதகர் உள்ளே போய்விட்டார்.

அவள் நேராகக் கரைக்கு இறங்கினாள். பெரிய வலைக்குச் சொந்தக்காரர் காஷியஸ் படகு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, வியாழக்கிழமை ஊரே வெள்ளை உடுத்தி வரணும்."

"பைத்தியமாடி உனக்கு? பாரை மீன் கூட்டம் குடாவுக்குள்ள வந்திருக்கு. வியாழன் வலை போடலேன்னா ஓடிப்போனாலும் போயிடும்."

"ஞாயித்துக்கிழமை போடுங்க."

"ஓய்வு நாள்லயா! நாக்கைக் கழுவு."

"அடிமைக் காலத்துல உங்க பாட்டன் எந்தக் கிழமை ஜெபம் பண்ணினாரு?"

கரையில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது. அந்த நாளில் ஞாயிறு என்றால் சந்தை, சொந்தக் கொல்லை வேலை. கோயில் மணியும் சுவரும் வருவதற்கு முன், கடற்கரைப் புளியமரத்தடியில் நம் ஆட்கள் திருட்டுத்தனமாகக் கூடிப் பாடினார்கள். பிடிபட்டவன் முதுகில் சவுக்கு.

"சொல்லுங்க மாமா."

"வியாழன்," என்றார் அவர், மணலைப் பார்த்துக்கொண்டே. பிறகு எழுந்து மகனிடம் கத்தினார்: "டேய், படகைக் கவுத்துப் போடு! வியாழன் வலை கிடையாது!"

வியாழன் நாலு மணிக்கு போதகர் பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பாட்டு முன்பக்கத்திலிருந்து வந்தது. சுற்றிக்கொண்டு வந்து பார்த்தார். கஞ்சி போட்ட வெள்ளையில் இருநூறு பேர். முன்னால் குழந்தையோடு அல்மைரா.

"என்ன இது?"

"ஞாயித்துக்கிழமை ஐயா," என்றார் காஷியஸ்.

"இன்னிக்கு வியாழன்!"

"உங்களுக்கு."

"பின்வாசல் திறந்திருக்கு."

"இத்தனை பேர் அதுல இடிச்சுக்கிட்டு நுழைஞ்சா சுவர் தாங்காது," என்றாள் அல்மைரா. "சுண்ணாம்பு சுமந்தவ சொல்றேன்."

கோயிலைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளை டார்செட் கறுப்புக் கோட்டு மாட்டியிருந்தார். யாரையும் கேட்காமல் சாவியை எடுத்தார். முன்கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து விட்டார். அல்மைரா முதலில் நுழைந்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஞானஸ்நானத் தொட்டியருகே நின்ற போதகரின் கை தண்ணீருக்குள் போக வெகுநேரம் ஆயிற்று.

"பிள்ளைக்குப் பேர்?"

"யூனிஸ்!" தாய் மட்டும் அல்ல, கூரை அதிர ஊரே சொன்னது.

திரும்பும்போது போதகர் வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்தார். விட்டதைப் பிடிக்கப் பார்த்தார் போல. "சரி. ஞாயிறு காலை எல்லாரையும் பார்க்கிறேன்."

"வாரத்துக்கு ரெண்டு ஞாயிறு எங்களுக்குத் தாங்காது," என்றார் காஷியஸ். "அன்னிக்குப் பாரை பிடிக்கப் போறோம்."

"உங்களுக்கும் ரெண்டு மீன் எடுத்து வைக்கிறேன் ஐயா," என்றாள் அல்மைரா. "என் வீட்டுக்கு வந்து வாங்கிக்கோங்க. பின்வாசல் வழியா."