அடித்துவிட்ட வரி

எந்தக் கொட்டேஷனையும் கீழிருந்து மேலாகப் படிப்பதுதான் அவர் வழக்கம். பல் மருத்துவமனையின் கண்ணாடித் தடுப்புக்குள் கணக்குப் பார்க்கும் பெண் நீட்டிய தாளையும் அப்படியே படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அந்த மூடியையே பார்த்தாள். யாராவது எதையாவது பல்லால் கடித்து இழுத்தால் அவள் கண் இப்போதெல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறது.

சின்னச் சின்னக் கட்டட வேலைகளை எடுத்துச் செய்பவர் அவர். குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுவது, மாடியில் ஓர் அறை எழுப்புவது, ஒழுகுகிற தளத்துக்குப் பூச்சு பூசுவது. அந்தத் தொழிலில் அவர் கண்டுகொண்டது இது: கொட்டேஷனில் மேலே இருப்பதெல்லாம் வேலை, கீழே இருப்பதெல்லாம் கொழுப்பு. சிமெண்டையும் கம்பியையும் குறைக்க முடியாது. ஆய்வு, மேற்பார்வை, இதர செலவு என்று கடைசியில் வரும் வரிகள் பேரம் பேசத் தெரியாதவனுக்காகப் போடப்பட்டவை. அவரே அப்படித்தான் போடுவார். வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்ததும் தன் கையாலேயே அடித்துவிட்டு, "உங்களுக்காகத்தான் சார்" என்பார். இரண்டு பக்கமும் சந்தோஷமாகப் பிரிவார்கள்.

"ஏம்மா, மேல் தாடைக்கு நாலு ஸ்க்ரூ, கீழ்த் தாடைக்கு நாலு ஸ்க்ரூ. சரி. நாலு தூண் மேல ஒரு வரிசைப் பல்லும் நிக்குமா? பீம் தாங்குமா?"

கணக்குப் பெண் சிரித்தாள். "தாங்கும் சார். எலும்பு நல்லா இருந்தா நாலே போதும்."

"நல்லா இல்லேன்னா?"

"எலும்புத் தூள் வச்சு நிரப்புவாங்க. அது தனிச் செலவு."

"பாத்தியா," என்று மனைவி பக்கம் திரும்பினார். "அஸ்திவாரம் தோண்டினப்புறம்தான் ஊத்து வருதும்பான். இவங்ககிட்ட எங்க தொழில் பிச்சை வாங்கணும்."

அவள் உள்ளங்கைக்குள் சிரித்தாள். சிரிப்பு வரும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். பேச்சு வரும்போதும் அப்படித்தான். திரைச்சீலைக் கடையில் முன்பக்கம் நின்று விற்றவள் அவள். ஜன்னலின் அளவைச் சொன்னால் போதும், எத்தனை மடிப்பு வரும், எந்தத் துணி விழும், எது விறைத்து நிற்கும் என்று சொல்லிக்கொண்டே போவாள். அவள் பேச ஆரம்பித்தால் ஒரு ஜன்னலுக்கு வந்தவர்கள் வீடு முழுவதற்கும் வாங்கிப் போவார்கள் என்று முதலாளியம்மா சொல்வதுண்டு. மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்து, கழற்றி மாட்டும் பல்செட் வந்தது. ஒரு மத்தியானம் ஏதோ வேடிக்கைப் பேச்சுக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தபோது அந்த செட் நழுவி, விரித்துப் போட்டிருந்த வெள்ளைத் துணியின் மேல் விழுந்தது. வாங்க வந்த பெண் கூச்சலிடவில்லை. அப்படி இட்டிருந்தால்கூடத் தேவலை. துணியிலிருந்து கையை மட்டும் மெல்ல எடுத்துக்கொண்டாள். மறுநாள் முதலாளியம்மா மிக அன்பாக, "கொஞ்ச நாள் உள்ள இருந்து மடிச்சு வச்சிட்டு இருங்க" என்றாள். அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை. கிடங்கில் துணி மடிப்பதற்குப் பேச்சு தேவையில்லை. வெளியிடங்களில் அவளுக்காக அவரே பேசத் தொடங்கினார். கடைக்காரர், பஸ் கண்டக்டர், சொந்தக்காரர், யார் கேட்டாலும் பதில் அவரிடமிருந்து வரும். அவள் தலையாட்டுவாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். ஸ்கேன் இதில் சேர்த்தியா? பல் பிடுங்குவதற்குத் தனியா? முதலில் மாட்டும் தற்காலிகப் பல்லுக்கும் பிறகு மாட்டும் நிரந்தரப் பல்லுக்கும் இரண்டு பில்லா? ஒரு ஸ்க்ரூ எலும்பில் பிடிக்காமல் போனால் யார் தலையில்? உத்தரவாதம் ஸ்க்ரூவுக்கா, பல்லுக்கா, வேலைக்கா? கணக்குப் பெண் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மருத்துவ மொழியில் இருந்த தாள் அவர் மொழிக்கு மாறியது. கடைசியில் எழுந்து நின்ற தொகை அவர் வெகுநாளாகக் குறிவைத்திருந்த கலவை இயந்திரத்தைவிடப் பெரியது. அப்படித்தான் இருக்கும் என்று அவர் முந்தைய வாரமே யோசித்து முடித்திருந்தார். "மெஷினுக்கு என்ன அவசரம்? இத்தனை நாளா கையால கலக்கலையா?" என்று அப்போதே வீட்டில் சொல்லியிருந்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ பேசியே ரொம்ப நாளாச்சு" என்றார். அன்றிரவு முழுக்க அந்த வாக்கியம் அறைக்குள் ஒரு மூன்றாவது ஆளைப் போல் இருந்தது.

டாக்டர் வந்தார். கணினித் திரையில் அவள் மண்டையோடு சாம்பல் நிறத்தில் சுழன்றது. தன் முகம் தோல் இல்லாமல் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"கீழ முன்பக்கம் ஆறு பல்லு ஸ்ட்ராங்கா இருக்கு. ஆனா அதையும் எடுத்துடணும். நடுவுல விட்டா புது வரிசை உக்காராது."

"நல்ல பல்லையா?" என்றார் கணவர்.

"ஆமா. எடுத்தா எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது. அதான் முன்னாடியே சொல்றேன்."

"பழைய சுவத்துல புது வீடு நிக்காது. புரியுது டாக்டர்."

அவள் நாக்கு அந்த ஆறு பற்களின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தது. அவை தங்களைப் பற்றித்தான் பேச்சு என்று அறியாமல் வழுவழுப்பாக நின்றன.

"இவங்களுக்கு சுகர், பிரஷர், வேற ஏதாவது மருந்து, ஊசி?"

"ஒண்ணும் கிடையாது டாக்டர். தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டா."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது: வருடத்துக்கு ஒரு முறை, எலும்பு தேயாமல் இருக்க, கைநரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்து. வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகு அவளுடைய அக்கா கூட்டிப்போய் ஏற்றிவிட்டாள். முதல் முறை கேட்டபோது கணவர், "எலும்புக்கு ஊசியா? பால் குடி, வெயில்ல நில்லு" என்று சொல்லிவிட்டதால், பிறகு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அக்கா வீட்டுக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு மூன்று முறை ஏற்றிக்கொண்டிருக்கிறாள். கடைசி முறை ஊசியைப் பிடுங்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டே நர்ஸ் சொன்னாள்: "எப்பவாவது பல்லு எடுக்கணும்னா இதைச் சொல்லிடுங்கம்மா. மறந்துடாதீங்க. சிலருக்குத் தாடை ஆறாம போயிடும்."

சொன்னால் என்ன நடக்கும் என்பதை அவள் அந்த நாற்காலியிலேயே முழுதாகப் பார்த்துவிட்டாள். டாக்டர் முகம் மாறும். பொறுப்போம் என்பார். அல்லது வேண்டாம் என்பார். மறுபடி அந்த நழுவும் செட், மறுபடி கிடங்கு. சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாதது நடக்காமலும் போகலாம். சிலருக்கு என்றுதானே நர்ஸ் சொன்னாள்? அந்தச் சிலரில் தானும் ஒருத்தி என்று யார் எழுதி வைத்தார்கள்? வெளியே காத்திருப்பவர்களின் இருமல் கேட்டது. எப்படியும் இன்னொரு டாக்டர் தன்னை முழுதாகப் பரிசோதிக்கப் போகிறார், தாளில் போட்டிருக்கிறதே, அவர் துருவிக் கேட்டால் அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் தன் பயத்தை அந்த வரியின் மேல் இறக்கி வைத்தாள்.

கணவரின் பேனா அந்த வரியில்தான் நின்றிருந்தது.

"டாக்டர், இந்தப் பொது மருத்துவர் ஆலோசனை, முழு ரத்தப் பரிசோதனை... உடம்புக்கு ஒண்ணும் இல்லாதவளுக்கு இது எதுக்கு? இதை அடிச்சிடலாமா?"

"செஞ்சுட்டா நல்லது."

"நல்லதுதான். அவசியமா?"

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சுகர் மட்டும் இங்கேயே பாத்துடலாம். அது நார்மல்னா போதும்."

பேனா ஒரு நேர்கோடு இழுத்தது. சுவருக்குச் சுண்ணாம்பு நூல் பிடிப்பவரின் கோடு, வளையவேயில்லை. விரலில் குத்தி எடுத்த துளியில் சர்க்கரை நார்மலாக இருந்தது. ஸ்கூட்டரில் திரும்பும் வழியெல்லாம் அவர் உற்சாகமாக இருந்தார். "நானா கொக்கா? கண்ணு முன்னாலயே அடிச்சேன் பாரு!" என்று காற்றுக்குள் கத்தினார். பின்னாலிருந்து அவள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஏன் தட்டினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

பல் எடுப்பதற்கு முந்தைய நாள் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, அந்த எலும்பு மருந்தைப் பத்தி டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன்க்கா."

"என்ன சொன்னாரு?"

"பரவாயில்லைன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அக்கா நம்பவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. "உன் வாயி, உன் பாடு. எதுவும் நடக்காம இருந்தா சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மரத்துப்போன தாடையிலிருந்து அந்த ஆறு பற்களும் வலியில்லாமல்தான் வந்தன. வலி இல்லை, ஆனால் சத்தம் இருந்தது. ஈரமான மரத்திலிருந்து ஆணியைப் பிடுங்குவது போன்ற முனகல் அவள் காதுக்கு உள்பக்கமாகக் கேட்டது. அடுத்து ஸ்க்ரூக்கள் இறங்கின. சில நாட்களில் தற்காலிகப் பல் வரிசையைப் பொருத்தி முறுக்கினார்கள். கணவர் கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். கண்ணாடியில் இருந்தவள் இளமையாக இருந்தாள், கொஞ்சம் அந்நியமாகவும்.

முதலாளியம்மா அவளை மறுபடி முன்பக்கத்துக்கு வரச் சொன்னாள். கடையில் துணி வெட்டுகிற பெண்ணை எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள், அவள் வாய்க்கும் அது பொருந்தும். "யக்கா, நீங்க வந்ததுலேருந்து கடையில பாதி லைட்டை அணைச்சுட்டோம். கரண்ட் பில் மிச்சம்" என்றாள். இவள் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் சிரித்தாள். கை பாதி வழி வரை எழுந்து, வேலையில்லாமல், அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டது. ஒரு ஜன்னலுக்கு வந்த குடும்பம் மூன்று ஜன்னலுக்கு வாங்கிப் போனது. வீட்டில் அவர் சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "போதும் நிறுத்து, காது வலிக்குது" என்று சொல்லிவிட்டு, அவள் நிறுத்தியதும், "அப்புறம் என்ன ஆச்சு?" என்றார்.

அந்த நாட்களில்தான் நாக்கு அதைக் கண்டுபிடித்தது. கீழ்த் தாடையில், புதுப் பல் வரிசைக்கு உள்பக்கம், கொஞ்சம் கீழே. ஈறு மூடியிருக்க வேண்டிய இடத்தில் சொரசொரப்பாக, காய்ந்து, உறுதியாக ஒன்று. முதலில் ஏதோ உணவுத் துணுக்கு என்று நினைத்துக் கொப்பளித்தாள். அது போகவில்லை. வலியும் இல்லை. நாக்கு அங்கே போவதை அவளால் தடுக்க முடியவில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன் வாயைப் பிளந்து, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தாள். சிவப்புக்கு நடுவே மங்கிய மஞ்சளாக, அவளுடையதேயான எலும்பு, வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்கேனில் பார்த்தபோது அது இவ்வளவு பக்கத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை.

பரிசோதனைக்குப் போன நாளில் கணவர் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அவள் மட்டும் உள்ளே போனாள். டாக்டர் சின்னக் கண்ணாடியை நுழைத்து அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். மருந்து நீரால் கழுவினார். கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஆற வேண்டியது இன்னும் ஆறலை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எலும்புக்குன்னு எப்பவாவது மாத்திரை, ஊசி ஏதாவது எடுத்திருக்கீங்களா?"

அறையில் அவளுக்காகப் பேச யாரும் இல்லை. ஆம் என்றால் முதலில் இந்தப் பற்களைத்தான் கழற்றுவார்கள் என்று தோன்றியது. வெள்ளைத் துணியிலிருந்து மெல்ல விலகிய அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது. வாசலில் கணவர் யாரிடமோ வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை பிடிப்பது கேட்டது.

"இல்ல டாக்டர்," என்றாள். ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக வந்தது.

அடுத்த முறையும் இப்படியே இருந்தால் இன்னொரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். "அது கொட்டேஷன்லயே இல்லையே," என்றார் உள்ளே வந்த கணவர், வேடிக்கையாக. டாக்டர் சிரிக்கவில்லை. அதைக் கவனித்த பிறகு அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

மறுநாள் மாலை கடைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கணவன் இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவன். படுக்கையறைக்குள் பொட்டு வெளிச்சம் வரக்கூடாது என்றார்கள். "சூரியனே வந்து கதவைத் தட்டினாலும் உள்ள தெரியாத துணி இருக்கு" என்று சொல்லி, அலமாரியிலிருந்து கனமான கருநீலத் துணி ஒன்றை இறக்கினாள். முன்பக்கக் கண்ணாடி வழியாகச் சாய்ந்த வெயில் விழும் இடத்துக்குப் போய், இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் உயர்த்தி விரித்துப் பிடித்தாள். துணி தரைவரை விழுந்தது.

"பாருங்க, ஏதாவது தெரியுதா?"

"இல்லைங்க. அந்தப் பக்கம் ஆள் நிக்கிறதே தெரியல" என்றது பெண்ணின் குரல்.

அவள் முகத்துக்கு வெகு அருகில் துணி இருட்டாக இருந்தது. புதுத் துணியின் வாடை. அதனடியில், தன் மூச்சிலிருந்தே, முன்பு இல்லாத இன்னொரு மெல்லிய வாடை. நாக்கு அந்த இடத்துக்குப் போனது. நேற்றைவிடச் சற்று அகலமாக இருந்தது. அந்தப் பக்கம் அவர்கள் விலை கேட்டார்கள். கைகள் வலிக்கத் தொடங்கியிருந்தன. அவள் துணியை இறக்கவில்லை.