துரை (அமெரிக்கா)

"அண்ணன் எத்தினை மணிக்கு வந்து இறங்குறார், பிள்ளை?"

பிளாஸ்க்கின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வித்தியாவிடம் அன்னபாக்கியம் அன்ரி கேட்டார். தகனச்சாலை மண்டபத்துக்குள் நுழைந்த நேரத்திலிருந்து இதே கேள்விதான்.

எல்லாம் ஏரம்பமூர்த்தி அங்கிளின் வேலை. இந்த நியூசிலாந்து நகரில் ஹில்ஸ்பரோவிலிருந்து ஏவன்டேல் வரை எந்தத் தமிழர் செத்தாலும் மரண அறிவித்தல் எழுதுகிறவர் அவர். வீட்டுக்காரரைக் கேட்கிற வழக்கமில்லை. அவளுடைய அப்பா ஜெயரட்ணத்துக்கும் எழுதிவிட்டார்: 'துரை (அமெரிக்கா), வித்தியா (நியூசிலாந்து) ஆகியோரின் பாசமிகு தந்தை.'

துரை பாதி ஓநாய், பாதி நாய். யாரோ சங்கிலியில் கட்டி வளர்த்து, அடக்க முடியாமல் கைவிட்டதை அமெரிக்காவில் ஒரு விலங்குச் சரணாலயம் மீட்டு வைத்திருந்தது. அதன் சாப்பாட்டுச் செலவை அப்பா ஏற்றிருந்தார். பெயரும் அவர் வைத்ததுதான். கோயிலில் யாராவது பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால், "மூத்தவன் அமெரிக்காவில. நல்லாச் சாப்பிடுறான், ஆனா ஆக்களோட சேரமாட்டான்" என்பார்.

முதலில் கேட்டவர்களுக்கு வித்தியா விளக்கிப் பார்த்தாள். துக்கத்தில் உளறுகிறாள் என்று முதுகைத் தடவிவிட்டுப் போனார்கள். இரவு பகலாக ஆஸ்பத்திரிக் கதிரையில் கிடந்த உடம்பு. இனியும் ஓநாய்க் கதை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"வரேலாது அன்ரி. விசா இல்லை."

அது பொய்யுமில்லை. அப்படிப்பட்ட பிராணியை இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள்.

ஆனால் அதுவே வினையாகப் போயிற்று. சற்று நேரத்தில் ஏரம்பமூர்த்தி அங்கிள் ஐயரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"மகனுக்கு விசா இல்லையாம். பெறாமகன் யசீகரன், தம்பியின்ர பெடியன், நிக்கிறார்தானே, அவர் கிரியையைச் செய்யட்டும்."

"நான் செய்யிறன் அங்கிள். அப்பா என்னட்டத்தான் சொன்னவர்."

"ஆம்பிளைப் பிள்ளை இருக்கேக்க நீர் செய்யிறதோ? நாளைக்குத் துரை வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

வித்தியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கடைசியாக அப்பா அவளிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதையும் ஒரு ஓநாயிடம் பறிகொடுப்பதா?

"துரை ஒரு ஓநாய் அங்கிள்."

அவர் ஐயரைப் பார்த்தார். ஐயர் தரையைப் பார்த்தார்.

பெட்டியருகே இருந்த அம்மா ரதிதேவி எழுந்து வந்தாள்.

"ஓம், ஓநாய்தான். ஒரு பொம்பிளைப் பிள்ளை மட்டுமோ எண்டு எல்லாரும் கேட்டுக் கேட்டு அந்த மனுசனை அரிச்சுப்போட்டியள். உங்கட வாயை மூடத்தான் அப்பிடிச் சொன்னவர். என்ர மகள் செய்வாள்."

யசீகரன்தான் முதலில் விலகி இடம் விட்டான்.

"அப்ப அறிவித்தலைத் திருத்தவேணுமே..." என்று ஏரம்பமூர்த்தி அங்கிள் முணுமுணுத்தார்.

"விடுங்கோ," என்றாள் அம்மா. "அவன் பேர் கிடக்கட்டும்."

ஐயர் தர்ப்பை மோதிரத்தை வித்தியாவின் விரலில் போட்டார். ஆண் விரலுக்கு அளவாக முடிந்து கொண்டுவந்தது. தொளதொளத்தது. வாய்க்கரிசி போட்டு முடியும்வரை அவள் விரலை மடக்கியே வைத்திருந்தாள்.

பெட்டி தகன அடுப்புக்குள் போகும் கதவுக்குப் பக்கத்தில் எரியூட்டும் பொத்தான் இருந்தது. விரலை நீட்டினாள். மோதிரம் கழன்று நுனிக்கு வந்தது. அம்மா எட்டி, மோதிரத்தோடு சேர்த்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக அழுத்தினார்கள்.