தோற்பதற்கான படிப்பு

ரத்தம் படிந்த துணியை முதலில் எந்தத் தண்ணீரில் அலச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கொதிநீர், வெதுவெதுப்பான நீர், குளிர்ந்த நீர். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இத்தனை வருஷமாகத் துணி பிரிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? பச்சைத் தண்ணீர்தான். சூடு பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கடவுளே வந்து தேய்த்தாலும் போகாது. பென்சிலை எடுத்து கொதிநீரைச் சுற்றி வட்டம் போட்டேன். கேண்டீன் மேஜைகளில் எங்கள் பிரிவுப் பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு, ரொம்பப் பொறுப்பாக, தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் எங்களோடு துணி பிரித்த ஒல்லியக்காவால் வந்தது என்று சொன்னால் பாவம். அவள் செய்த ஒரே குற்றம் பாஸ் செய்ததுதான். பயிற்சி அதிகாரி ஒருவரை எங்களுக்காகவே போட்டிருந்தார்கள். படிப்புக்கு வயசில்லை, ஒவ்வொரு பாடமும் ஏணியில் ஒரு படி என்று வாய் ஓயாமல் சொல்வார். நாங்கள் அவருக்கு ஏணி சார் என்றே பேர் வைத்துவிட்டோம். மிஷின் ஓட்டுகிற பரீட்சையை முதல் தடவை வைத்தபோது ஒல்லியக்கா ஒருத்திதான் ராப்பகலாகப் படித்தாள். கேக் வெட்டினார்கள், கைதட்டினார்கள், அவள் போட்டோவைச் சுவரில் மாட்டினார்கள். அடுத்த மாதமே கூப்பிட்டு, உன் தகுதி உயர்ந்துவிட்டது, இனி உன்னைத் துணி பிரிக்கிற வேலையில் வைக்க விதியில் இடமில்லை, மிஷின் பிரிவில் ஆள் தேவைப்படும்போது சொல்லி அனுப்புகிறோம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றுவரை ஆள் தேவைப்படவில்லை. அவள் போட்டோ மட்டும் வேலையில் இருக்கிறது.

ஏணி சாரிடம் நானே போய்க் கேட்டேன். கெட்டவர் இல்லை, முகம் வாடித்தான் போனார். "காலியிடம் என் கையில இல்லம்மா. படிக்க வைக்கிறது மட்டுந்தான் என் வேலை" என்றார்.

பரீட்சை எழுதாமலும் இருக்க முடியாது. இருபதுக்குக் கீழே வாங்கினால் அக்கறை இல்லாதவள் என்று எச்சரிக்கை. நாற்பதைத் தொட்டால் ஒல்லியக்கா கதி. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். நடுவில் விழ வேண்டும். அப்படி விழுவதற்கு எல்லா விடையும் தெரிந்திருக்க வேண்டும், குருட்டாம்போக்கில் வட்டம் போட்டுப் பாஸாகித் தொலைத்தால் யார் சோறு போடுவது? அதனால் விழுந்து விழுந்து படித்தோம். சாப்பிடும்போதுகூட ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டோம். அதைப் பார்த்து ஏணி சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் எனக்கு வாத்தியார் என் மகள். பத்தாவது படிக்கிறாள். சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பிடித்திருந்தது. மிஷினுக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று புரிந்த அன்று தூக்கமே வரவில்லை. "அம்மா செம ஷார்ப்புப்பா" என்று அவள் அப்பாவிடம் சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டு, அடுப்பில் இருந்ததைத் தீய விட்டேன்.

ரிசல்ட் வந்தது. முப்பது. கணக்குப் போட்டபடியே விழுந்திருந்தேன். மகள் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். மடித்து என்னிடமே கொடுத்தாள். அவள் உள்ளே போனதும் வீட்டுக்காரர் மெல்லப் பேசினார். முதுகு போனதிலிருந்து அவர் வீட்டில்தான், என் சம்பளத்தில்தான் எல்லாம் ஓடுகிறது. விஷயம் அவருக்கு மட்டும் தெரியும்.

"உண்மையச் சொல்லிடேன். பிள்ள உன்னை மக்குன்னு நெனைக்குது."

"நெனைச்சுட்டுப் போகட்டும். ஒண்ணாவதுலேருந்து படிச்சா மேல வரலாம்னு சொல்லித்தானே வளத்தேன்? பாஸானவள வீட்டுக்கு அனுப்புனாங்கன்னு தெரிஞ்சா, நாளைக்கு இவ புஸ்தகத்தத் தொடுவாளா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் மகள் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு மாதத்தில் மறுபடி பரீட்சை இருக்கிறதே. ஆனால் குரல் மாறியிருந்தது. காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோலச் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள்.

"அம்மா, இந்தப் படத்தப் பாருங்க. இந்த மஞ்சள் வெளக்கு எரிஞ்சா என்ன அர்த்தம்?"

வடிகட்டி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மிஷினை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். நுனி நாக்கில் நின்றது. படத்தையே கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தேன்.

"தெரியலடி."

அவள் சலித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். சலித்துக்கொள்ளவில்லை. என் முதுகைத் தடவிக்கொடுத்து, "பரவால்லம்மா, மெதுவாப் படிக்கலாம்" என்றாள். பிறகு என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, அந்த மஞ்சள் வட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.