உட்காரும் உரிமை

ஆசிரியை மார்லின் நோவாக்குக்குத் தான் போட்ட கேள்வியே வினையாக வந்து முடிந்தது. கொடி உறுதிமொழிக்கு எழுந்து நிற்கும்படி பள்ளிக்கூடம் ஒரு மாணவரைக் கட்டாயப்படுத்தலாமா? கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-லேயே தீர்த்துவைத்த விஷயம். குடிமையியல் தேர்வில் வகுப்பு முழுக்கச் சரியாகத்தான் எழுதியது. எழுதியதை நம்பியவள் யெசெனியா ஒருத்திதான்.

இறைச்சி ஆலையில் வேலை பார்த்த அவள் அப்பாவைக் குடியேற்ற அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை ஒலிபெருக்கியில் உறுதிமொழி தொடங்கியபோது யெசெனியா எழுந்திருக்கவில்லை.

"எல்லாருக்கும் நீதின்னு முடியுதே, அதைச் சொல்ல வாய் வரல மிஸ்," என்றாள்.

நெப்ராஸ்காவில் அவ்வளவு சின்ன ஊரில் செய்திக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரம்? பள்ளி வாரியத்துக்குப் போன் மேல் போன். பரீட்சைத் தாளில் எழுதினால் மதிப்பெண், வகுப்பில் செய்தால் வம்பு.

முதல்வர் டுவேன் ஹாகெமன் மார்லினை அறைக்குக் கூப்பிட்டார். போன வருஷம் வரை கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த மனிதர்.

"சட்டம் எனக்கும் தெரியும் மார்லின். அந்தப் பொண்ணை எழுப்பிவிடுன்னு நான் சொல்லவே இல்ல. நீயா ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்னுதான் சொல்றேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் டுவேன்?"

"இது உனக்கு மூணாவது வருஷம். ஏப்ரல்ல வாரியம் கை தூக்கினா நீ நிரந்தரம். தூக்கலைன்னா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ரெண்டு பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுத் தனியா எங்க போவே, சொல்லு?"

மறுநாள் காலை மார்லின் வகுப்பை நோக்கி நடந்தாள். சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. உரிமை உரிமை என்று வருஷம் முழுக்க வாய் கிழியப் பேசியவளுக்கு இப்போது ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே பயம். ஊருக்குத்தான் உபதேசம்.

உள்ளே நுழையும்போதே கோல்பியின் குரல் கேட்டது. அவன் அம்மா வாரிய உறுப்பினர்.

"நீ ஜாலியா உட்காரு. உன்னால மிஸ்ஸுக்கு வேலை போகப்போகுதுன்னு எங்கம்மா சொன்னாங்க. சந்தோஷம்தானே?"

"வாயை மூடு கோல்பி," என்றாள் மார்லின். அவன் சொன்னது பொய் என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. யெசெனியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. நாற்காலிகள் தரையில் உரசின. உட்காரு, அது உன் உரிமை என்று சொல்லலாம். எழுந்துக்கோம்மா என்றும் சொல்லலாம். மார்லின் இரண்டையும் சொல்லவில்லை. கொடியைப் பார்த்தபடி உறுதிமொழிக்காக நெஞ்சில் கை வைத்தாள்.

யெசெனியா எழுந்தாள். எல்லோரோடும் சேர்ந்து கடைசி வார்த்தை வரை சொன்னாள். குரல் பிசிறவில்லை, கன்னம் மட்டும் நனைந்திருந்தது.

மார்லினுக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்தச் சத்தம் முன்வரிசை வரை கேட்டுவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்த பிறகும் யெசெனியா நின்றுகொண்டே இருந்தாள்.

"இப்ப நான் உட்காரலாமா மிஸ்?"