மூக்கை நம்பியவன்

தொட்டியில் ஏற்கெனவே ஊற்றியிருந்த மருந்தை இன்னொரு முறை ஊற்றிவிட்டுத்தான் அவன் அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பினான், அதுவும் விசிலடித்துக்கொண்டு.

மருந்து என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பியூட்டிரேட் என்று ஓர் உப்பு. ஊசிப்போன வெண்ணெயையும் குழந்தை கக்கிய பாலையும் ஒன்றாகப் போட்டு மூடிவைத்து, மறந்துபோய்த் திறந்தால் என்ன வாடை வருமோ, அந்த வாடை. அதைக் கரைப்பது அவன் வேலை என்பதால் கம்பெனியில் அவனுக்கு வெண்ணெய் என்று பெயர். அந்தச் சொல்லால் வேறு யாரைத் திட்டுவார்கள் என்பது தெரிந்தேதான் வைத்தார்கள். அவனும் தெரிந்தேதான் பல்லைக் காட்டினான்.

தொட்டிக்குள் இருப்பவை என்றைக்கோ ஒரு வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து எடுத்த செல்கள். அவற்றுக்குள் மனித மரபணுவைச் செருகி, பெண்களின் சினைமுட்டையை முதிரவைக்கும் ஹார்மோனைச் சுரக்கப் பழக்கியிருந்தார்கள். தம் இஷ்டத்துக்குப் பெருகிக்கொண்டிருக்கும் வரை அவை பெரிதாக எதையும் சுரப்பதில்லை. நேரம் பார்த்துச் சூட்டைக் கொஞ்சம் இறக்கி, இந்த உப்பையும் அளவாக ஊற்றினால், பெருகுவதை நிறுத்திவிட்டு மூச்சுமுட்டச் சுரக்கும். தான் பெறுவதை நிறுத்தினால்தான் அடுத்தவளுக்குப் பிள்ளை வரம் கொடுக்க முடியும் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவன் பாடம் நடத்துவான். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டால் போதும், அவனுக்கு அன்றைய பொழுது கழிந்த மாதிரி.

கணினியில் பார்த்துவிட்டு ஊற்று என்பது விதி. கதவைத் திறந்ததும் நாறினால் ஊற்றியாயிற்று, நாறாவிட்டால் நீ ஊற்று என்பது பழக்கம். காலை ஷிப்டில் ஒல்லி என்கிற சகா ஊற்றிவிட்டுத்தான் போயிருந்தான். அறை நாறத்தான் செய்திருக்கும். ஆனால் வருஷக்கணக்கில் அதிலேயே ஊறிய மூக்குக்கு அது வெறும் காற்று. விதியைப் பார்க்க வேண்டியவன் மூக்கைப் பார்த்தான், மூக்கு அவனைக் கவிழ்த்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், முதலில் எல்லாம் அமோகமாக இருந்தது. ஹார்மோன் அளவு கிடுகிடுவென்று ஏறியது. மேலாளர் அவன் முதுகில் தட்டி, நம்ம வெண்ணெய் இவ்வளவு நாளும் தன் திறமையை ஒளித்து வைத்திருந்திருக்கிறான் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அதற்குள் ஒல்லியிடம் பேசி அவனுக்கு விஷயம் புரிந்திருந்தது. வாயைத் திறந்திருக்கலாம். முதுகில் தட்டு வாங்கி நாளாகிவிட்டதே என்று அந்த ஒருநாள் மட்டும் பேசாமல் இருந்துவிட்டான். மறுநாள் சாயம் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது எங்கு பார்த்தாலும் நீலம். செத்த செல்தான் சாயத்தைக் குடித்து நீலமாகும். தொட்டி முழுக்கப் பிணம். நேரே போய் ஒப்புக்கொண்டான். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பார்க்கலாம்ப்பா" என்றார். வேலை இருக்கிறதா இல்லையா என்பதற்கு அதுதான் பதில்.

பார்க்கலாம் என்ற பதில் அவனுக்குப் புதிதில்லை. வீட்டிலும் ஓராண்டாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிள்ளைக்கான சிகிச்சையைத் தொடரலாமா, உனக்கு முடிகிறதா என்று எப்போது கேட்டாலும் மனைவி "பாக்கலாங்க" என்பாள். இத்தனைக்கும் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க, இது தெளிவா, அது தெளிவா என்று வந்தவர்களை வாட்டியெடுக்கிறவள். இது நான்காவது சுற்று. போன சுற்றில் கரு தங்கி, எல்லாருக்கும் சொல்லி, பிறகு கலைந்துபோனது. அவன் அம்மா இப்போதும் தொலைபேசியில் விசேஷம் ஏதாவது உண்டா என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். "உண்டும்மா, எனக்குத் தொப்பை வந்திருக்கு" என்பான். அம்மாகூடச் சிரித்துவிடுவாள். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் மனைவி கத்தியை ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி நறுக்குவாள்.

ஊசி போடுவது அவன் பொறுப்பு. அவன் தொட்டியில் சுரக்கிற அதே ஹார்மோன்தான் அந்த ஊசியிலும். முதல் சுற்றில் அவள் பயந்து கண்ணை மூடிக்கொண்டபோது, "உன் நாத்தனாருங்கதான் குடுத்து அனுப்பிருக்காங்க, வேணாம்னா கோச்சுக்குவாங்க" என்றான். வெள்ளெலிகளோடு சம்பந்தம் பண்ணின குடும்பம் என்று அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள், ஊசி ஏறியதே தெரியவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு நாத்தனார் கதை. மூத்தவளுக்குத் தலைக்கனம், நடுவுள்ளவளுக்கு மூட்டுவலி. கதை தீர்ந்துபோன நாட்களில் பழையதையே சூடுபண்ணினான்.

மேலாளரிடம் ஒப்புக்கொண்ட அன்று மாலை படுக்கை விளிம்பில் அவள் மேல்சட்டையைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். தொப்புளைச் சுற்றி மஞ்சளும் நீலமுமாக ஊசி குத்திய பழைய இடங்கள். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக்கொண்டே, வேலை போகப்போகிற கதையையும் சிரிப்புக் கதையாகவே சொன்னான். மூக்கு செய்த துரோகம், மேலாளர் தட்டிய தட்டு, ஒல்லியின் முழி எல்லாம் நடித்துக் காட்டினான். உன் நாத்தனார்கள் கூண்டோடு போய்விட்டார்கள், துக்கம் கேட்க வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது என்று முடித்தான்.

அவள் சிரிக்கவில்லை.

"மொதல்ல நல்லாதான் இருந்துச்சா?"

"நல்லாவா? அதுங்க அந்த மாதிரி குடுத்ததே இல்ல. மேனேஜரு முதுகு வலிக்கத் தட்டினாரு."

"அப்பவே அதுங்க செத்துட்டிருந்துச்சு."

"ம். உள்ளுக்குள்ள ஆரம்பிச்சிருக்கும்."

"யாருக்கும் தெரியல."

"சாயம் போட்டுப் பாத்தாத்தானே தெரியும்."

அவன் கையில் பேனா மாதிரியான அந்த ஊசி தயாராக இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு வேடிக்கை வந்து விழும். நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. செத்த நாத்தனார்களின் நகை யாருக்கு என்று ஏதோ ஒன்று. அவள் வயிற்றைப் பார்த்தான். எந்த இடத்தில் குத்துவது என்று தெரியவில்லை. அப்படியொரு சந்தேகம் தனக்கு இதுவரை வந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நிறம் மாறாத ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கதை சொல்லி, குத்தி, வெற்றி வெற்றி என்று எழுந்து போய்க்கொண்டிருந்திருக்கிறான். வேடிக்கையை விழுங்கினான். அது கசந்தது.

"ஒன்னு கேக்குறேன். பாக்கலாம்னு மட்டும் சொல்லாத. உனக்கு இது வேணுமா, வேணாமா?"

அவள் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டாள். அவசரமில்லாமல், சுருக்கம் நீவி, துணிக்கடையில் துணி மடிப்பதுபோல.

"வேணாங்க."

அவன் ஏதோ சொல்லப்போனான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இந்த ஊசியும் வேணாம். இதுக்கப்புறம் எந்த ஊசியும் வேணாம். போன தடவை ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றப்பவே சொல்லணும்னு இருந்தேன். நீங்க ஆட்டோக்காரரயே சிரிக்க வெச்சுக்கிட்டு வந்தீங்க. அப்புறம் தெனமும் சிரிக்க வெச்சீங்க. சிரிச்சுட்டு எப்படிங்க சொல்றது?"

வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. மருந்தைத் திரும்ப ஃப்ரிட்ஜுக்குள் வைக்கலாமா, வெளியே வைக்கலாமா என்று தெரியாமல் கையில் பிடித்தபடியே அவன் நின்றான். குழந்தை உனக்கா எனக்கா வேண்டியிருந்தது என்று கேட்க நினைத்தான். அதற்கும் அவள் இப்போது நேராகவே பதில் சொல்லிவிடுவாள் என்று தோன்றியதால் கேட்கவில்லை.

அவள் எழுந்து வந்து, அவனுடைய இன்னொரு கையில் ஈரமாக இருந்த பஞ்சை வாங்கிக்கொண்டாள். காய்ந்து வீணாகப் போகுமே என்பதுபோல, கதவோரம் இருந்த சுவிட்ச் பலகையைச் சுற்றிப் படிந்திருந்த விரல் அழுக்கைத் துடைக்க ஆரம்பித்தாள். அழுத்தித் துடைக்கத் துடைக்க, அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்தபோது இருந்த வெள்ளை கொஞ்சங்கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது.