மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி

படகின் பின்பக்க அலமாரிக்குள் இடுப்பு வரை நுழைந்து மல்லாந்து கிடந்தேன். முகத்துக்கு நேர் மேலே மேல்தளத்தின் அடிப்பக்கம். அதிலிருந்து நான்கு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. மேலே அக்கா ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தாள். அவள் திருகும்போது நான் ஸ்பேனரால் நட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டும் நட்டும் சேர்ந்து சுற்றும். ஒருத்தியால் ஆகாத வேலை.

"பிடிச்சியா?"

"பிடிச்சுட்டேன்."

"பிடிச்ச மாதிரியே இல்லையே. இங்க பம்பரமா சுத்துது."

"அப்ப நீ கீழ வா, நான் மேல வர்றேன்."

"உன்ன மாதிரி ஈர்க்குச்சியா இருந்தா வந்திருக்க மாட்டேனா?"

படகைத் துறையோடு கட்டும் கயிறு சுற்றுகிற இரும்புக் கொம்பை மாற்றிக்கொண்டிருந்தோம். போன வாரம் துறை அதிகாரி காலால் ஒரு தட்டுத் தட்டியதும், விழப்போகிற பல்லைப் போல அது ஆடியது. எதற்கெடுத்தாலும் முத்திரை குத்துவதால் அவருக்கு ஸ்டாம்பு என்று பெயர். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் சரிசெய்யாவிட்டால் படகு துறையில் நிற்கக் கூடாது என்று ஒரு தாளில் குத்திக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அக்காவுக்கு அதுதான் வீடு. புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து, ஒன்றரை வருஷமாக, அப்பாவின் அந்தப் பழைய பாய்மரப் படகில்தான் சமையல், தூக்கம் எல்லாம். வீட்டுக்கு வந்துவிடு என்று நான் கூப்பிடாத வாரமில்லை. "வந்தா எல்லாரும் என் மூஞ்சியையே பாத்துட்டு இருப்பீங்க" என்பாள்.

இன்று வெள்ளிக்கிழமை. மூன்று போல்ட்டுகள் காலையிலேயே கழன்றுவிட்டன. நான்காவதுதான் உயிரை வாங்கியது. எண்ணெய் விட்டோம், தட்டினோம், கெஞ்சினோம். அக்கா திட்டிய திட்டைக் கேட்கப் பக்கத்துப் படகுக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டார். இரண்டு மணிக்கு நட்டு திடீரென்று கழன்று என் நெற்றியிலேயே விழுந்தது.

கொம்பைச் சுற்றிப் பசை மேடுகட்டியிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அப்பா ஒரு பூச்சுப் பூசுவார். அவருக்கு முழங்கால் போனபிறகு அக்கா பூசினாள். அவள் அதைச் சுரண்டிக் கொம்பை நெம்பி எடுத்ததும், துளை வழியாக என் கன்னத்தில் ஏதோ கொட்டியது. ஈரமாக, கறுப்பாக, வடிகட்டிப் போட்ட டீத்தூள் மாதிரி. மேல்தளத்தின் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே இருந்த மரம் அது.

"அக்கா, மரம் மக்கிப்போச்சு."

துளையில் அவள் கண் தெரிந்தது. "எவ்வளவு தூரம்?"

"விரல் போற வரைக்கும்."

மக்கியதைத் தோண்டி, காயவைத்து, புது மரம் வைத்து ஒட்டி இறுகவிட ஒரு வாரமாவது ஆகும். எங்களிடம் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

அக்கா அப்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் சாவகாசமாக வந்தது. "இன்னும் கொஞ்சம் பசைய வச்சு அப்பும்மா. இருபது வருஷம் நான் அப்படித்தானே ஓட்டினேன்?"

"தெரியுதுப்பா. அந்த இருபது வருஷத்தைத்தான் உங்க சின்னப் பொண்ணு மூஞ்சி பூரா பூசிக்கிட்டுப் படுத்திருக்கா."

போனை வைத்துவிட்டுப் புதுக் கொம்பை எடுத்துப் பழைய துளைகளின் மேல் வைத்தாள். நான்கு போல்ட்டுகளும் இறங்கின.

"நட்டைப் போடு."

"போடமாட்டேன். நீ தூங்கிட்டிருக்கிறப்ப ஒரு காத்தடிச்சா இது அப்படியே பிடுங்கிட்டு வந்துரும்."

"வர்றப்ப பாத்துக்கலாம். இன்னிக்கு ஸ்டாம்பு விழணும், அவ்வளவுதான்."

"நான் பிடிக்க மாட்டேன்க்கா."

"உனக்கு இதானேடி வேணும்? நான் மூட்டையைக் கட்டிக்கிட்டு உன் ரூமுக்கு வரணும். அதானே?"

அதில் பொய்யில்லை. ஆனாலும் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

அவள் இறங்கி வந்து என் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். தோளைச் சிராய்த்துக்கொண்டு அவளே அலமாரிக்குள் நுழைந்தாள். எப்படி நுழைந்தாள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் துறையில் இறங்கிக் கைகட்டி நின்றேன். மேலே திருக ஆளில்லாமல் போல்ட்டுகள் அவள் ஸ்பேனரோடு வெறுமனே சுற்றின. உள்ளிருந்து வந்த வசவில் பாதி எனக்கு, பாதி அப்பாவுக்கு, மிச்சம் புருஷனுக்கு.

ஸ்டாம்பு மூன்றரைக்கே வந்துவிட்டார். மேல்தளத்தில் அவர் ஷூ சத்தம் கேட்டதும் அக்கா கத்தினாள்: "வந்துட்டியா? அந்த ஸ்க்ரூடிரைவரை எடுடி!"

அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். பையை வைத்துவிட்டு முட்டிபோட்டு அதை எடுத்தார்.

"திருகு!"

திருகினார்.

"இன்னும்!"

திருகினார். இறுக வேண்டிய இடத்தைத் தாண்டியும் போல்ட் இறங்கிக்கொண்டே போனது. கொம்பின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து அவர் முழங்காலை நனைத்தது.

"இறுகுதாடி?"

"இல்லம்மா," என்றார் அவர். "இது இறுகாது."

உள்ளே ஸ்பேனர் விழுந்தது.

அவர் அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மரியாதையாகத்தான் பேசினார். "அஞ்சு மணிக்கு கிரேன் இருக்கு, கரைக்கு ஏத்திடுங்க. மரத்தை மாத்திட்டுக் கூப்பிடுங்க, வந்து பாக்கறேன்."

"கரையில நிக்கிறப்ப உள்ள படுக்கலாமா சார்?" அக்காவின் குரல் அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

"கூடாதும்மா."

கரையேற்றச் சொல்லும் தாளில் முத்திரையைக் குத்தினார். மை சரியாக விழவில்லை. இன்னொரு தடவை குத்தினார்.

ஆறு மணிக்குப் படகு கட்டைகளின் மேல் நின்றது. அக்கா ஒரு பை நிறையத் துணியோடு ஏணியில் இறங்கினாள். பையை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை.

"சந்தோஷமா?"

"இல்ல," என்றேன். நிஜமாகவே இல்லை.

பேருந்து நிறுத்தம் வரை பையை அவளே சுமந்து வந்தாள். பேருந்து வந்ததும் ஸ்பேனரை என் கையில் திணித்தாள். "காலைல எட்டு மணி. தோண்ட நீதான் உள்ள போற. மறுபடியும் பிடிக்க மாட்டேன்னு சொன்னே, கொன்னுடுவேன்."

"மரம் நல்லாயிருந்தா பிடிக்கிறேன்."

அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் நான் ஸ்பேனரோடு நின்றுகொண்டே வந்தேன்.